வால்வுக்குப் பக்கத்தில் தொங்கும் டம்ளர்

நம் சாயப்பட்டறையில் தண்ணீரை மென்மையாக்குகிற சாஃப்ட்னர் அறைக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம், கழுவு வால்வுக்கு மேலே, சுவரில் அடித்த ஆணியில் ஒரு பித்தளை டம்ளர் சங்கிலி போட்டுத் தொங்குகிறது. என் கடைசி வேலை நாளன்று, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், சங்கிலி எட்டுகிற அளவுக்குக் குனிந்து அதில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லாமல் வந்தது தப்பு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உப்பு மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டதால், வயது ஆவதற்கு முன்பே வேலையை விட்டு நின்றவள் நான். திரும்ப வந்து உங்கள் முன்னால் நின்று பேசச் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

அந்த டம்ளர் டீ குடிப்பதற்கு இல்லை.

எந்த வால்வை எப்போது திறக்க வேண்டும் என்பதை சாய மாஸ்டர் உங்களுக்குக் காட்டியிருப்பார். அதை நான் எழுதப் போவதில்லை. ஆனால் சாஃப்ட்னர் உருளைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

ஆள் உயர இரும்பு உருளை. அதற்குள் கடுகு போல, தேன் நிறத்தில் லட்சக்கணக்கான மணிகள். நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. அதைத்தான் கடினத் தண்ணீர் என்கிறோம். இந்த மணிகள் சாதாரணச் சமையல் உப்பில் இருக்கிற சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் மணிகளுக்கு நடுவே இறங்கும்போது, மணி சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு சோடியத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். கீழே வருவது மென்மையான தண்ணீர். நாள்பட மணிகள் சுண்ணாம்பால் நிறைந்துபோகும். அப்போது உப்பைக் கெட்டியாகக் கரைத்து உருளைக்குள் விட்டால், சோடியம் கூட்டமாக வந்து சுண்ணாம்பைத் தள்ளிவிட்டு மறுபடி மணியில் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கழிவை வடிகாலில் விட்டுவிட்டு, உள்ளே தங்கியிருக்கும் உப்பு போகிற வரைக்கும் மணிகளைக் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.

பாய்லர் வைத்திருக்கிற ஆலையில் இது இல்லாவிட்டால் குழாய்களில் சுண்ணாம்பு ஓடு கட்டி ஒருநாள் வெடிக்கும். பெரிய ஆஸ்பத்திரிகளில், சலவைக்கூடங்களில், ரயில் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுகிற இடங்களில் எல்லாம் இந்த உருளை உண்டு. நம் சாயப்பட்டறையில் இது இல்லாவிட்டால் சாயம் நூலில் திட்டுத்திட்டாக ஏறும். ஆர்.கே.பேட்டை நெசவாளர்கள் நூலை நம் மூஞ்சியிலேயே வீசிவிட்டுப் போவார்கள்.

எழுபதுகளில் இந்த உருளை வந்தபோது எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர் என்று பட்டறையில் நான் ஒருத்திதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன், ரசாயனத்தில் நல்ல மார்க் வாங்கியவள். அதனால் சாஃப்ட்னர் என் பொறுப்பாயிற்று. உருளையை மாட்டிக் கொடுத்த ஃபிட்டர் போகும்போது சொன்னார்: "சோப்புப் பாட்டில்ல நுரை நின்னாலும் நிறுத்திடாதீங்கம்மா. நாக்குல உப்பு தெரியாத வரைக்கும் ஓடட்டும்."

நான் தலையாட்டினேன். ஆனால் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ரசாயன வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விதி, எதையும் நாக்கில் வைக்காதே என்பது. எனக்கு அந்த விதி மிகவும் பிடிக்கும். சோப்புப் பாட்டில் இருக்கும்போது நாக்கு எதற்கு? பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சோப்புக் கரைசல் நாலு சொட்டு விட்டுக் குலுக்கினால், சுண்ணாம்பு இருந்தால் நுரை உடைந்து திரிதிரியாகிவிடும், இல்லாவிட்டால் நுரை நிற்கும். அது சோதனை. நாக்கில் வைத்துப் பார்ப்பது சமையல். அப்படித்தான் நினைத்தேன்.

பட்டறையின் வெளிச்சுவரில் இருக்கும் குழாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உருளை வந்த முதல் வருஷமே முதலாளி நம் தண்ணீர்த் தொட்டியிலிருந்து அதைப் போட்டுக் கொடுத்தார். பின்னால் இருக்கிற தெருவில் கிணற்றுத் தண்ணீரில் துவரம் பருப்பு வேகவே வேகாது. எத்தனை விறகு வைத்தாலும் பருப்பு பருப்பாகவே நிற்கும். நம் தண்ணீரில் அரை மணியில் மசிந்துவிடும். சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் வீட்டுக்கு ஒரு குடம் என்று கணக்கு. என் குடமும் அந்த வரிசையில் இருக்கும். அப்போது எனக்குப் பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு நான் வேலைக்குத் திரும்பியதிலிருந்து புட்டிப்பால். பால் பவுடர் கிணற்றுத் தண்ணீரில் கட்டிகட்டியாகத் திரியும், பட்டறைத் தண்ணீரில் சுத்தமாகக் கரையும். குழந்தையைப் பகலில் பார்த்துக்கொண்டவள் என் கணவரின் தங்கை கஸ்தூரி. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

இனி, நான் சொல்ல வந்த அந்த ஆடி மாதம்.

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் பட்டறை எப்படி இருக்கும் என்பதை இந்த வருஷம் நீங்களே பார்ப்பீர்கள். காவடி எடுக்கிறவர்களுக்கு மஞ்சள் வேட்டி, மஞ்சள் துண்டு, மஞ்சள் சேலை. எங்கள் நகம், வடிகால், பட்டறை நாய் எல்லாம் மஞ்சள். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் காற்றைக் கக்கியது. மணிகளைக் கழுவுகிற தண்ணீர் வெறுமனே வடிகாலில் ஓடுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சாயத் தொட்டியில் நூல் சாயத்தைப் பிடிப்பதற்கு நாமே படிக்கணக்கில் உப்பு போடுகிறோம். அப்படியிருக்க, கழுவுகிற தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் சாயத்துக்கு என்ன கேடு? சுண்ணாம்பு இல்லாமல் இருந்தால் போதும். பாட்டிலில் நுரை நின்ற நிமிஷமே கழுவுவதை நிறுத்திவிட்டு, தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பினேன். தண்ணீரும் மிச்சம், சாயத்தில் போடுகிற உப்பும் மிச்சம். மஞ்சள் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் ஏறியது.

சாய மாஸ்டர் நூலை வெயிலில் பிரித்துப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரிம்மா நீ" என்றார். முதலாளியிடமும் சொன்னார். நான் அதை வீட்டில் போய்ச் சொன்னேன்.

தொட்டி பெரியது, பழைய தண்ணீரோடு கலந்துவிடும் என்பதால் முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் குழாயடியில் நாகம்மா என்பவள், நாலு மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கத்தினாள். "இன்னாம்மா, இப்பல்லாம் உங்க தண்ணியில கொழம்பு வெச்சா உப்பே போட வேணாம் போலக்குதே! உப்பு விக்கற செட்டியாராண்ட எதுனா கோவமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். அவள் எனக்குச் சோதனை முடிவைச் சொன்னாள், நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

கிருத்திகைக்கு முந்தின நாள் மதியத்தோடு ஆர்டர் முடிந்தது. இரண்டு நாள் விடுமுறை. பாசி பிடித்திருந்த தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவச் சொன்னேன். அதே நேரத்தில் உருளைக்கு உப்பு விட்டு மணிகளைத் தயார் செய்தேன். விடுமுறை முடிந்து வந்ததும் வேலை தொடங்க வசதியாக இருக்குமே என்று, நுரை நின்றதும் தண்ணீரைக் காலித் தொட்டிக்குத் திருப்பினேன். கலப்பதற்கு உள்ளே பழைய தண்ணீர் இல்லை. வந்தது வெறும் உப்புக் கழுவல். அன்றைக்குத் திருவிழாவை உத்தேசித்து வீட்டுக்கு இரண்டு குடம் பிடித்துக்கொள்ளச் சொன்னதும் நான்தான். விருந்தாளிகள் வருவார்கள் இல்லையா?

நம் பக்கத்தில் கிருத்திகை அன்று பெரியவர்களுக்கென்று வீட்டில் அடுப்பு மூட்டுவது கிடையாது. மலைக்குப் போய் சாமி பார்த்து இறங்கி வந்த பிறகுதான் சமையல். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பார்கள். ஆகவே அந்தக் குடங்களிலிருந்து பெரியவர்கள் அநேகமாக யாரும் ஒரு வாய் சுவைக்கவில்லை. அந்தத் தண்ணீர் போகக் கூடிய வழி ஒன்றுதான் இருந்தது. விரதம் இல்லாதவர்கள் கைக்குழந்தைகளும் சின்னப் பிள்ளைகளும் மட்டும்தான்.

என் கணவர் விடியும் முன்பே காவடிக் கூட்டத்தோடு கிளம்பிவிட்டார். நானும் கஸ்தூரியும் குழந்தையோடு பின்னால் போவது, மலைமேல் அவரோடு சேர்ந்து குழந்தைக்கு முதல் மொட்டை போடுவது என்று ஏற்பாடு. கஸ்தூரி விடியற்காலையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பால் கலந்து, ஃப்ளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டாள். குழந்தை இரவெல்லாம் சிணுங்கியிருந்தது. பால் கொடுத்தால் ஆவேசமாகக் குடித்தது, குடித்ததும் மறுபடி அழுதது. உஷ்ணம் என்று நினைத்தோம்.

பஸ் மலை இருக்கிற ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. நடந்தோம். கூட்டத்தில் கஸ்தூரி இரண்டு தடவை ஓரமாக உட்கார்ந்து பால் கொடுத்தாள். "பாவம் அண்ணி, எவ்ளோ தாகம் பாருங்க, விடவே மாட்டேங்குது" என்றாள். மலையடிவாரத்துக்கு வந்தபோது குழந்தையின் அழுகை மாறியிருந்தது. கீச்சென்று, பூனைக்குட்டி போல. கண்ணீர் வரவில்லை. நாக்கைத் தொட்டேன், துணி மாதிரி உலர்ந்திருந்தது. முதல் படியில் காலை வைத்தபோது என் கைக்குள் அதன் உடம்பு விறைத்து, ஒரு பக்கமாக இழுத்தது.

நான் படியேறவில்லை. அடிவாரத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஓடினோம்.

டாக்டரம்மா பிரசவ அறையில் இருந்தார். எங்களைப் பார்த்தவர் ஒரு நர்ஸ், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கடைசி வரைக்கும் அவர் பெயரை நான் கேட்கவில்லை. எல்லாரும் சிஸ்டர் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் அவசரப்படவில்லை. வயிற்றுப்போக்கு உண்டா என்றார். இல்லை. வாந்தி? இரண்டு தடவை. காய்ச்சல் கொஞ்சம். தோலைக் கிள்ளிப் பார்த்தார். "போக்கு இல்லாம இப்படி வறண்டு போவாதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "புட்டியக் குடுங்க" என்றார்.

ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நாக்கில் வைத்தார். உடனே போய்க் கைகழுவும் தொட்டியில் துப்பினார்.

"யாரு இந்தப் பாலக் கலக்குனது?"

"நான்தான் சிஸ்டர்" என்றாள் கஸ்தூரி.

"என்னா போட்ட?"

"பவுடரு, சர்க்கர, கொதிச்ச தண்ணி."

"சர்க்கரையா? நீயே குடிச்சுப் பாரு."

கஸ்தூரி உள்ளங்கையில் விட்டு நக்கினாள். அவள் முகம் போன போக்கை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"உப்பு" என்றார் சிஸ்டர். "இது அத்தனையும் உப்பு. இந்தத் தாகத்துக்கு மேல மேல உப்பையே குடுத்திருக்கீங்க."

"சர்க்கரதான் சிஸ்டர். சத்தியமா சர்க்கரதான் போட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இருட்டா இருந்துச்சு... ரெண்டும் ஒரே மாதிரி டப்பா..." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நாந்தான் மாத்திப் போட்டுட்டனா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. சிஸ்டர் உப்பு என்று சொன்ன அதே நொடியில் தெரிந்துவிட்டது. காலித் தொட்டி, நுரை நின்ற பாட்டில், நான் திருப்பிய வால்வு, எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்தன. கஸ்தூரி என்னிடம் நேராகக் கேட்கிறாள். நான் பதில் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பல வருஷமாக யோசித்திருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். அது இல்லை. யாரோ ஒருத்தி செய்தாள் என்று ஆகிவிட்டிருந்தது. அது நான் இல்லை என்று இருக்கட்டும் என்று, குழந்தை அந்த நிலையில் கிடக்கும்போதும், என் மனது அதைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

குழந்தையின் கையில் நரம்பு அகப்படவில்லை. குளுக்கோஸ் ஏற்றத் தலையில்தான் ஊசி போட வேண்டும் என்றார் சிஸ்டர். சவரக்கத்தியை எடுத்து, குழந்தையின் நெற்றிக்கு மேலே ஓர் உள்ளங்கை அளவுக்கு முடியைச் சிரைத்தார். மலைமேல் இறக்க வேண்டிய முதல் முடி. அது தரையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கஸ்தூரி சுவரோரம் உட்கார்ந்து, "நாந்தான், நாந்தான்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் பேசவில்லை.

ஊசி ஏறிய பிறகு சிஸ்டர் தலையைத் தூக்காமலே கேட்டார். "வூட்ல வேற புள்ளைங்க யாராச்சும் இதக் குடிச்சாங்களா?"

"இல்ல சிஸ்டர்" என்றாள் கஸ்தூரி. "பாப்பா மட்டுந்தான்."

எனக்கு நாகம்மாவின் இடுப்பிலிருந்த குழந்தை நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பால் வற்றிவிட்டது, பசும்பாலில் தண்ணீர் கலந்துதான் கொடுக்கிறாள் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

"இருக்காங்க சிஸ்டர்" என்றேன். "கஸ்தூரி, நீ இல்ல. தண்ணி. தண்ணியிலயே உப்பு. நான்தான் விட்டேன். தெரு பூராவும் அந்தத் தண்ணிதான் புடிச்சிருக்காங்க."

சிஸ்டர் இப்போது தலையைத் தூக்கினார். "அப்பறம் இங்க ஏன் நிக்கிற?"

"கொழந்த..."

"கொழந்தைய நான் பாக்கறேன். நீ பக்கத்துல நின்னு இதுக்கு ஒண்ணும் ஆவப் போறதில்ல. அங்க போனா ஆவும். போ."

போனேன். வேறு எந்த முடிவையும் என்னால் எடுத்திருக்க முடியாது என்று இப்போது சொல்வது சுலபம். வாசல்படியில் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே வைத்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் போக மாட்டேன் என்று தெரிந்து, பார்க்காமல் இறங்கினேன்.

ஊரே மலையை நோக்கி வந்துகொண்டிருந்தது, நான் எதிர்ப்பக்கம் போனேன். அரோகரா சத்தம், மேளம், வழியெல்லாம் மஞ்சள். எந்தத் தோளைத் தள்ளினாலும் எங்கள் மஞ்சள். திட்டு இல்லாமல், ஒரே சீராக, மிக நன்றாக ஏறியிருந்த மஞ்சள். கே.ஜி.கண்டிகை ரோடு பிரிகிற இடத்தில் டீக்கடைக்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சைக்கிளைக் கொடுத்தார். சேலையோடு எனக்கு ஓட்ட வரவில்லை. இரண்டு தடவை விழுந்தேன். பிறகு அதை ஒரு வேலியில் சாய்த்துவிட்டு ஓடினேன்.

நாகம்மா வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"பால் குடுத்தியா?" என்று கத்தினேன்.

"இன்னாம்மா, இப்பத்தான் வர்றியா? காலைலேர்ந்து மூணு தபா பட்டறை கேட்டைத் தட்டினேன். ஒரு பேயும் இல்ல."

"பால் குடுத்தியா நாகம்மா?"

"குடுப்பனா? வாயில வெச்சுப் பாத்தேன், கடல் தண்ணி மாரி கரிக்குது. வாசல்ல ஊத்திட்டேன். எங்க மாமியாதான் உப்புக் கைய கொடத்துல வுட்டுட்டாங்கன்னு நெனச்சு அவங்களாண்ட சண்ட போட்டு, அவங்க கோச்சிக்கினு மவ வூட்டுக்குப் போயிட்டாங்க. அப்பறம் பாத்தா ரெண்டாவது கொடமும் கரிக்குது. இதுக்கு இன்னாத்துக்கு நீ அழுவுற?"

சொன்னேன். என் குழந்தை எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

"வாயில வெச்சுப் பாக்க மாட்டீங்களா? பெரிய படிப்பெல்லாம் படிச்சிட்டு, பாட்டில குலுக்கிகினே இருந்தா போதுமா?" என்றாள். பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "வா. நான் இந்தப் பக்கம் சொல்றேன், நீ அந்தப் பக்கம் போ."

வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பையன் ஒரு வாய் குடித்துத் துப்பியிருந்தான். ஒரு வீட்டில் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச அப்போதுதான் பாத்திரத்தில் ஊற்றியிருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் நான் அதே வாக்கியத்தைச் சொன்னேன். தண்ணீரில் உப்பு இருக்கிறது, தப்பு என்னுடையது, கொட்டிவிடுங்கள். "வந்த சனத்துக்கு இப்ப இன்னா ஊத்தறது, உங்க மஞ்சச் சாயத்தையா?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அடுத்த வாசலுக்குப் போனேன். கடைசியில் நாகம்மா குழாய்க்கு அடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நீ கொழந்தையாண்ட போ. காக்காகூட இதுல வாய வெக்காது, நான் பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. குழந்தை உயிரோடு இருந்தது. டாக்டரம்மா வந்து பார்த்திருந்தார். குழந்தை உதட்டைச் சப்பிச் சப்பித் தண்ணீருக்குத் தவித்தது. கொஞ்சம் தண்ணீர் கொடுக்கட்டுமா என்று கெஞ்சினேன். கூடாது என்றார். உப்பை மெதுவாகத்தான் இறக்க வேண்டும், ஒரேயடியாகத் தண்ணீர் ஏறினால் மூளை வீங்கிவிடும், இரண்டு மூன்று நாள் பிடிக்கும் என்றார். எவ்வளவு தாகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும்.

சிஸ்டர் கஸ்தூரியிடம் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் கொடுத்திருந்தார். அவள் பஞ்சை நனைத்துப் பிழிந்து, குழந்தையின் உதட்டை மட்டும் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாகம்மாவின் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அண்ணி, உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியே இல்லை.

"சிஸ்டர் உப்புன்னு சொன்ன ஒடனே" என்றேன்.

பஞ்சை மறுபடி நனைத்தாள். தரையில் கிடந்த முடியை யாரோ அதற்குள் கூட்டி எடுத்திருந்தார்கள்.

என் கணவர் பொழுது இறங்கும்போது, மஞ்சள் வேட்டியோடும் தோளில் காவடித் தழும்போடும் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு இன்னொரு தடவை வலிப்பு வந்தது, பிறகு வரவில்லை. பத்தாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது டாக்டரம்மா சொன்னார்: "இப்போதைக்குப் பயமில்லை. ஆனா மூளையில ஏதாவது பாதிச்சிருக்கான்னு வளர வளரத்தான் தெரியும்."

அந்த வாக்கியத்தோடுதான் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. அவள் நடக்க எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணினேன். பேச எத்தனை மாதம் என்று எண்ணினேன். இப்போது ஒன்பதாவது படிக்கிறாள், வாயாடி. கணக்கில் நாலு மார்க் குறைந்து வந்தால் மற்ற தாய்மார்கள் திட்டுவார்கள். நான் விடைத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் தப்பு, ஏன் தப்பு என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். "இன்னாம்மா, இதுக்குப் போய் இப்படிப் பாக்கற?" என்பாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. இதை எழுதிவிட்டேன் என்பதால் இனிமேல் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விடுமுறை முடிந்த அன்றே, குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, எல்லாவற்றையும் முதலாளியிடம் சொன்னேன். மாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்று, "கெட்டிக்காரின்னு சொன்னவன் நான்தான். நானும் கேக்காம வுட்டேன்" என்றார். முதலாளி என்னை அனுப்பவில்லை. ஆனால் வெளிக்குழாயை அடைத்துவிடச் சொன்னார். தெருவுக்குத் தண்ணீர் கொடுத்தால்தானே இந்த வம்பு என்றார். அவர் சொன்னது சுலபமான வழி. நான் அந்த ஒன்றுக்கு மட்டும் எதிர்த்துப் பேசினேன். தப்புச் செய்தவள் நான், பருப்பு வேகாமல் போவது அவர்களுக்கா என்று கேட்டேன். குழாய் இருக்கட்டும், அதற்கு நான் பொறுப்பு என்றேன்.

அன்றைக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியதுதான் அந்தப் பித்தளை டம்ளர்.

பாட்டிலில் நுரை நின்ற பிறகும் கழுவுங்கள். போதும் என்று தோன்றும்போது அந்த டம்ளரில் பிடித்து, ஒரு சொட்டு இல்லை, ஒரு டம்ளர் முழுதும் குடியுங்கள். குடிக்க முடிந்தால் தொட்டிக்குத் திருப்புங்கள். கிணறு வற்றினாலும் ஆர்டர் நெருக்கினாலும் இதில் குறைக்காதீர்கள். சாயத்துக்கு இது அதிகம்தான். தண்ணீர் சாயத்தோடு நின்றுவிடுவதில்லை. குழாயடியில் யாராவது கேலி செய்தால், சிரித்துவிட்டு, உடனே உள்ளே போய் அந்த டம்ளரை எடுங்கள்.

இன்னொன்றுக்கு என்னிடம் டம்ளர் இல்லை. தப்பு நடந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்த நொடிக்கும், நீங்கள் வாயைத் திறக்கிற நொடிக்கும் நடுவில் இருக்கிற நேரம். என்னுடையது ஓர் உள்ளங்கை அளவு முடியைச் சிரைத்து ஊசி ஏற்றுகிற நேரம். அதனால் குழந்தைக்குக் கூடுதலாக ஒன்றும் ஆகவில்லை, நாகம்மாவின் குழந்தைக்கும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நானும் வெகுகாலம் சொல்லிக்கொண்டேன்.

கஸ்தூரியை மணவூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு பிள்ளைகள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது, நல்லது கெட்டதுக்கு வருவாள், போவாள். வேலையை விட்டு நின்ற பிறகு போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி போட்டாள். நான் சமையலறை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் சர்க்கரை டப்பா மட்டும் இருந்தது. உப்பு ஜாடியைக் காணவில்லை. அது பின்கட்டில், தண்ணீர்த் தொட்டி மேல், மூடி போட்டுத் தனியாக இருந்தது. குழம்புக்கு ஒவ்வொரு தடவையும் அவ்வளவு தூரம் நடந்து போய்த்தான் உப்பு எடுப்பாள் போலிருக்கிறது.

கஸ்தூரி டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். பிறகுதான் ஸ்பூனை எடுத்து என் காபியில் சர்க்கரை போட்டாள். அவளுக்கு அது ஒரு பழக்கம், செய்வது அவளுக்கே தெரியவில்லை.

"பாப்பா எப்படிக்கீறா அண்ணி, நல்லாப் படிக்கிறாளா?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரை என்னிடம் நீட்டினாள்.